தந்தை பாடிய பாலை

முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுது கார்காலம் என்பதை ஒருநாள் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். வினைமேற் செல்லும் தலைவன் கார் தொடங்குமுன் மீள்வேன் எனச் சொல்லிச் செல்வதும், முகில் திரண்ட பின்னும் அவன் தேரொலி கேளாமையால் தலைவி கலங்குவதும், தோழி அவளைத் தேற்றுவதும் ஆகிய செய்திகளை ஆண்டுதோறும் சொல்லும் முறையிலேயே சொல்லி முடித்து, "மழைக்கும் தலைவன் வரவுக்கும் என்ன தொடர்பு?" என வினவினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "எங்க அப்பாவும் மழைக்குத்தான் ஐயா வருவார்" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அம்மாணவர் திருச்செங்கோட்டுப் பக்கத்தவர். அவருடைய தந்தையார் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வேலை செய்பவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்வதைக் கொங்கு நாட்டார் அனைவரும் அறிவர். துளையிடும் வண்டி ஒன்றும் குழாய்களைச் சுமக்கும் துணை வண்டி ஒன்றுமாகப் புறப்பட்டால், ஓட்டுநர் முதல் சமையற்காரர் வரை அனைவரும் மாதக்கணக்கில் அவ்வண்டிகளையே வீடாகக் கொள்வர். மழை இறங்கி வயல் சேறானால் அந்தக் கனத்த வண்டி நிலத்துக்குள் இறங்க இயலாது, தொழில் ஓயும், ஆட்கள் ஊர் திரும்புவர். பாசறையிலிருந்த பழந்தமிழ்த் தலைவனுக்கு எந்த மழை வீட்டுக்கு வழி திறந்ததோ, அதே மழைதான் இந்நாளில் ரிக் தொழிலாளிக்கும் வழி திறக்கிறது. நான் நூலில் படித்துச் சொன்னதை அம்மாணவர் தம் வீட்டு வாயிலில் கண்டிருக்கிறார்.

அவர் அத்தோடு அமரவில்லை. "தலைவி அழறதைப் பாடியிருக்காங்க. தோழி பேசறதும் இருக்கு. வீட்ல சின்னப் பிள்ளை இருந்தா, அது என்ன நினைக்கும்னு யாராவது பாடியிருக்காங்களா ஐயா?" என்று கேட்டார். "அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்றேன். விடை கைவசம் இல்லாத வேளையில் ஆசிரியர்கள் சொல்லும் சொற்கள் அவை. எனக்கோ, விடை இல்லாததைக் காட்டிலும், அவ்வினா என் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது என்பதே பேச்சை அடைத்தது. இக்கட்டுரை அவ்வினாவுக்கு நான் தேடிய விடையாகும்.

பிரிவு என்பது நம் இலக்கணத்தார் ஆழ எண்ணிய பொருள். ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவின் காரணங்களை வகுத்தார்கள். ஓதற்பிரிவுக்கு மூன்றாண்டு என எல்லையும் இட்டார்கள். பிரிவைப் பாடும் பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பதும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து வறளும்போது பாலையாகும் என்பதும் தமிழ் மாணவர் அறிந்த செய்திகள். இதனை வீட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். பாலை எங்கோ ஒரு தொலைநாட்டில் இல்லை. நேற்று வரை முல்லையாக இருந்த வீடு, அதில் ஒருவர் பெட்டியைத் தூக்கிய நாளில் பாலையாகிறது.

அப்பாலையைப் பாடுவதையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட புலவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. சேர மரபினர். கலித்தொகையின் பாலைக்கலி 35 பாடல்களும் அவர் பெயரால் வழங்குகின்றன. கரூரை அடுத்த புகழூர் வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார்மலை என்றொரு குன்று உண்டு. அங்குள்ள தமிழிக் கல்வெட்டு, சமண முனிவர் ஒருவருக்கு உறையுள் அமைத்துக் கொடுத்த செய்தியைச் சொல்லும்போது, சேரர் மூவரைத் தலைமுறை வரிசையில் குறிக்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ. கி.பி. 2ஆம் நூற்றாண்டளவினது எனக் கருதப்படும் அக்கல்வெட்டின் பெருங்கடுங்கோவே பாலை பாடிய புலவர் என்றும், இளங்கடுங்கோவே மருதம் பாடிய இளங்கடுங்கோ என்றும் ஆய்வாளர் சிலர் கருதுவர்.

அக்கருத்து உறுதியாயின் அதில் ஒரு வியப்பு இருக்கிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். தந்தை பாடியது பிரிவு. மகன் பாடியது ஊடல். இலக்கிய வரலாற்றில் இது தற்செயலாக அமைந்த ஒன்றாகவே இருக்கலாம். என் வீட்டிலோ அது அப்படியே நடந்தது.

என் அத்தா நூற்பாலை இயந்திரங்களைப் பொருத்தும் ஃபிட்டர். கோயம்புத்தூரில் 1888ஆம் ஆண்டில் தொடங்கிய பஞ்சாலைத் தொழில், 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பெருகி வளர்ந்தது. பின்னர் ஆலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களையும் கோவையே செய்யத் தொடங்கிற்று. செய்த இயந்திரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி, பெட்டிகளில் அடைத்து, எங்கோ வடநாட்டு ஆலைக்கு அனுப்பினால், அங்கே அதனை நிறுவி ஓட்டிக் காட்டுவதற்குக் கோவையிலிருந்து ஆட்கள் செல்ல வேண்டும். அத்தா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். குனியமுத்தூரிலிருந்து அவர் சென்று தங்கிய ஊர்களைக் கொண்டே நான் சிறுவயதில் இந்திய நிலப்படத்தைக் கற்றேன். அகமதாபாத், இந்தூர், பீல்வாரா, லூதியானா.

அவருடைய தகரப் பெட்டியில் உடைகளைவிடக் கருவிகளே மிகுதி. அவற்றுள் இரண்டை எவரும் தொடலாகாது. ஒன்று ரசமட்டம், மற்றொன்று தூக்குக்குண்டு. ரிங் ஃபிரேம் எனப்படும் நூற்பு இயந்திரத்தில் இருபுறமுமாக நானூறுக்கு மேற்பட்ட கதிர்கள் நிற்கும். இயந்திரத்தின் அடித்தளம் ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நிற்கும் அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கதிரும் தன்னைச் சூழ்ந்த வளையத்தின் சரியான நடுவில் நிற்க வேண்டும். இம்மி விலகினாலும் அக்கதிரில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். இவற்றையெல்லாம் அத்தா எனக்குச் சொன்னதில்லை. அவருடன் பணிபுரிந்தவர்கள் பின்னாளில் சொல்லக் கேட்டவை.

1980இல் நான் பிறந்தபோது அத்தா பீல்வாராவில் இருந்தார். அறுவை செய்து என்னை எடுத்தார்கள். செய்தி தந்தியில் போயிற்று. அவர் வந்தது நான் பிறந்த 52ஆம் நாள். இச்செய்தி எங்கள் குடும்பத்தில் ஒரு குற்றச்சாட்டாக அல்ல, ஒரு வழக்கமான கதையாகவே பேசப்பட்டு வந்தது. ஆயினும் எனக்கு அறிவு தெரிந்த நாள் முதல் அந்த 52 என்ற எண் என்னுள் முள்ளாகவே இருந்தது. பள்ளியில் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்ற நாளில் அவர் லூதியானாவில் இருந்தார். "அத்தா வரலையா?" என ஆசிரியர் கேட்டபோது, "எங்க அத்தா வரமாட்டார்" என்றேன். 'வரவில்லை' என்பதற்கும் 'வரமாட்டார்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இலக்கணம் படிக்கும் முன்பே நான் அறிந்திருந்தேன்.

விடுமுறையில் வந்து அவர் வீட்டில் இருக்கும் நாள்களில் நான் அவரோடு நேரே பேசமாட்டேன். "அத்தாவுக்குத் தேத்தண்ணி வேணுமான்னு கேளுங்கம்மா" என்று அம்மாவை இடையே நிறுத்துவேன். அவர் மூன்றடி தொலைவில்தான் அமர்ந்திருப்பார். புறப்படும் நாளில் பேருந்து நிறுத்தம் வரை அம்மாவுடன் நானும் போவேன். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுவார். ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கமாட்டார். அவர் முதுகே என் நினைவில் பதிந்த அவருடைய தோற்றம். அத்தா கல்நெஞ்சர் என்று நான் முடிவு செய்ததற்கு அம்முதுகே சான்று.

காலம் சென்றது. நான் தமிழ் படித்து, ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்று, விரிவுரையாளன் ஆனேன். அத்தா பணி ஓய்ந்து வீட்டுக்கு வந்தார். ஒரே வீட்டில் இருந்தோம். பகை இல்லை, பேச்சும் இல்லை. இந்நிலையில் 2013 மே 20 அன்று எனக்கு மகள் பிறந்தாள்.

பல்கலைக்கழக நல்கைக்குழுவின் விதிப்படி கல்லூரி ஆசிரியர்கள் பதவி உயர்வுக்கு ஓரியன்டேஷன் எனப்படும் 28 நாள் பயிற்சியை முடிக்க வேண்டியிருந்தது. அந்நாளில் அக்காடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று வழங்கிய நடுவங்கள் அதனை நடத்தின. அவற்றின் பெயர்கள் பின்னர் மாறிவிட்டன. சென்னையில் ஜூன் 24 அன்று தொடங்கிய பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த அணியில் செல்கிறேன் என்று நான் எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உடன் சேர்ந்தோர் முந்திவிடுவர் என்ற எண்ணமே என்னைச் செலுத்தியது. பொருள்வயிற் பிரிவு என் அத்தாவுடையது. என்னுடையதற்கு ஓதற்பிரிவு என்று பெயர் சூட்டிக்கொண்டேன். மூன்றாண்டு எல்லை கொண்ட பிரிவில் 28 நாள் எம்மாத்திரம் என்று மனைவியிடம் வேடிக்கையாகவும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

செலவழுங்கல் என்று ஒரு துறை உண்டு. புறப்பட நினைத்த தலைவன் தயங்கி நிற்பது அது. அது போகாமை ஆகாது. இருப்பவரைத் தேற்றிவிட்டுப் போவதற்காகச் சற்றே தாழ்ப்பது என்பர் இலக்கணத்தார். எனக்கு அத்தயக்கமும் வாய்க்கவில்லை. மகளின் 35ஆம் நாளில், அவளுக்கு நாற்பது கழியும் முன், ஜூன் 23 இரவு சேரன் விரைவு வண்டியில் ஏறுவதற்காக வீட்டை விட்டு இறங்கினேன். படியில் அத்தா நின்றிருந்தார். பல மாதங்களுக்குப் பின் என்னிடம் அவராகப் பேசினார். "இறங்கினதும் திரும்பிப் பார்க்காதே. பார்த்தா கால் வராது" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். மனைவியின் தோளில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தாள். கால் வரவில்லை என்பது மெய். வண்டிக்கு நேரமாயிற்று என்பதும் மெய்.

திருப்பூர், ஈரோடு, சேலம் என ஊர்கள் இருளில் கழிந்தன. ஈரோட்டில் காவிரிப் பாலத்தை வண்டி கடக்கும் ஓசை கேட்டபோதுதான் கொங்கு நாட்டை விட்டு நீங்குகிறேன் என்பது உறைத்தது. அன்றிரவு நான் உறங்கவில்லை. கைக்குழந்தையின் பால்வாடை சட்டையின் தோட்பக்கத்தில் இருந்தது. பயிற்சியின் முதல் வாரம் முழுதும் அச்சட்டையை நான் துவைக்கவில்லை.

பயிற்சி நன்றாகவே இருந்தது. பல மாவட்டத்து ஆசிரியர்களின் நட்பு கிட்டியது. ஜூலை 11 அன்று ரமளான் நோன்பு தொடங்கிற்று. விடுதிச் சமையற்காரர் மாற்றுச் சமயத்தவர். நான் சொல்லாமலே இரவுச் சோற்றையும் தயிரையும் ஸஹருக்கென மூடிவைத்து, விளக்கையும் அணைக்காமல் விட்டுச் செல்வார். அவருக்கும் ஊரில் இரு பிள்ளைகள் இருந்தனர். விடியலுக்கு முன் ஆளற்ற கூடத்தில் தனியே அமர்ந்து உண்ணும்போது, என் அத்தா எத்தனை ரமளான்களை வடநாட்டு ஆலை விடுதிகளில் இவ்வாறு கழித்திருப்பார் என்ற எண்ணம் முதன்முறையாக எனக்குள் எழுந்தது. அதுவரை அப்படி ஒன்றை நான் எண்ணிப் பார்த்ததில்லை. 33 வயது வரை எண்ணாதிருந்தேன் என்பதைச் சொல்ல நாணமாகவே இருக்கிறது.

இரவுதோறும் கைப்பேசியில் மனைவியை அழைப்பேன். என்னிடமிருந்தது பேச மட்டுமே உதவும் எளிய கருவி. குழந்தையின் அருகே பிடிக்கச் சொல்லி அவள் மூச்சொலியைக் கேட்பேன். ஜூலை 14 இரவு மனைவி, "இன்னைக்கு என் முகத்தைப் பார்த்துச் சிரிச்சா" என்றார். உறக்கத்தில் தானாக மலரும் சிரிப்பு வேறு. ஆள் முகம் கண்டு சிரிக்கும் முதற்சிரிப்பு வேறு. இரண்டாவது ஒருமுறைதான் முதன்முறையாக நிகழும். அது நிகழ்ந்தபோது நான் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தேன். "பிரிவைப் பற்றி எத்தனையோ பாட்டு நடத்தியிருக்கிறேன், இப்போதுதான் அதன் பொருள் தெரிகிறது" என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். மறுமுனையில் சிறிது அமைதி. "பிரிவு உங்களுக்குப் பாடம், எனக்கு அது ராத்திரி" என்றார். தாமாக எழுந்து, தாமாகப் பாலூட்டி, தாமாகவே தாலாட்டிய 20 இரவுகள் அச்சொல்லில் இருந்தன. அதன்பின் என் ஏக்கத்தை அவரிடம் சொல்லிக்காட்டுவதை நிறுத்திக்கொண்டேன். பிரிந்து சென்றவன் தன் துயரை, இருப்பவர்மேல் இன்னொரு சுமையாக ஏற்றலாகாது என்பதை எனக்கு எந்த உரையாசிரியரும் கற்பிக்கவில்லை, அவரே கற்பித்தார்.

மறுநாள் காலை நாளிதழ்களில், இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தது என்ற செய்தி முதற்பக்கத்தில் இருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடிய சேவை. கடைசித் தந்தியை அனுப்புவதற்காக மக்கள் வரிசையில் நின்றதையும் எழுதியிருந்தார்கள். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். 1980இல் பீல்வாரா ஆலைக்குப் போன தந்தி என் கண்முன் நின்றது. ஆண் மகவு, தாய் சேய் நலம் என ஒரு வரி. மூச்சொலி இல்லை, சிரிப்பைப் பற்றிய செய்தி இல்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் 52 நாள்களைக் கழித்திருக்கிறார்.

ஜூலை 22 காலை வீடு வந்தேன். குழந்தையைக் கையில் வாங்கியதும் வீறிட்டு அழுதாள். "இந்த வயசுப் பிள்ளைக்கு ஆள் தெரியாது, பசியா இருக்கும்" என்று மாமி தேற்றினார். இருக்கலாம். ஆயினும் என் கையிலிருந்து அத்தாவின் கைக்கு மாறியதும் அவள் அடங்கினாள். அத்தா என்னைப் பார்த்து, "நான் வந்தப்ப நீயும் இப்படித்தான் அழுதே" என்றார்.

அன்று நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிபு தொழுதபின் இருவரும் திண்ணையில் அமர்ந்தோம். குழந்தை அவர் மடியில் இருந்தாள். 33 ஆண்டுகளாகக் கேட்காததைக் கேட்டேன். "தந்தி வந்தப்ப என்ன செய்தீங்க, அத்தா?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். நண்பகலில் தந்தி வந்தது; ஆலை எழுத்தர் படித்துச் சொன்னார்; உடன் இருந்தவர்கள் வெல்லம் வாங்கிப் பகிர்ந்தார்கள். பிற்பகலில் வழக்கம்போல் கதிர்களைப் பொருத்தினார். மாலையில் அளவுகோல் வைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் முழுவதும் நடு விலகியிருந்தது. இரவெல்லாம் அமர்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். "என் சர்வீஸ்ல அன்னைக்கு ஒருநாள்தான் என் கை தப்புச்சு" என்றார்.

"லீவு தரமாட்டேன்னு சொல்லிட்டாங்களா?" என்றேன். இல்லையாம். மாற்று ஆள் அனுப்புவதாகவே மேற்பார்வையாளர் சொன்னாராம். இவரே வேண்டாம் என்று தங்கிவிட்டாராம். அறுவைக்கும் மருத்துவமனைக்கும் என் தாய்மாமா கடன் வாங்கிக் கட்டியிருந்தார். வெளியூரில் தங்கும் நாள்களுக்குத்தான் நாள்படி கிடைக்கும். அவர்கள் பேச்சில் அது பேட்டா. அந்த 50 நாள் பேட்டாவே அக்கடனை அடைத்தது. "வந்திருந்தா உன்னைப் பார்த்திருப்பேன். கடனை யாரு பார்க்கிறது?" என்றார்.

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று கேட்டபோது அவர் தந்த விடைதான் என் ஊடலின் அடித்தளத்தையே பெயர்த்தது. "தன்னாலதான் வீட்டுக்குக் கடன் வந்துச்சுன்னு பிள்ளை மனசுல விழக்கூடாதுன்னு உங்கம்மா சொன்னா. சரின்னு விட்டுட்டேன்." என்னைக் காக்கும்பொருட்டு அவர் வாய் மூடியிருந்தார். அந்த வாய்மூடலையே நான் அவர்மீது குற்றமாகச் சுமத்தியிருந்தேன்.

சற்றுப் பொறுத்து, மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தபடியே, "ஆனா வந்திருக்கணுமோன்னு இன்னைக்கும் தோணத்தான் செய்யுது" என்றார். அதற்கு நான் விடை சொல்லவில்லை. அவர் போனது கடனுக்காக. நான் போனது பதவிக்காக. அவருக்கே அப்படித் தோன்றுமாயின் எனக்கு என்ன தோன்ற வேண்டும்?

மருதத்தில் ஊடல் தீர்க்க அனுப்பப்படுவோரை வாயில்கள் என்பர். பாணனும் விறலியும் முயன்று தோற்ற இடத்தில் புதல்வன் வாயிலாவதும் உண்டு. எங்கள் வீட்டில் என் மகள் வாயிலானாள். சிறுவயதில் அம்மாவை இடையே நிறுத்தி அத்தாவிடம் பேசியவன், அன்று முதல் மகளை இடையே வைத்துப் பேசினேன். பின்னர் இடையே எவரும் தேவைப்படவில்லை.

இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் ஹாஜரா அம்மையாரையும் கைக்குழந்தை இஸ்மாயீலையும் பயிரற்ற பள்ளத்தாக்கில் விட்டு நீங்கிய வரலாறு நாம் இளமை முதல் கேட்டு வருவது. அம்மையார் பின்தொடர்ந்து கேட்டபோதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தாம் தெரியாத இடத்தை அடைந்தபின்னரே திரும்பி நின்று, கையேந்தி, அவர்களுக்காக இறைஞ்சினார் என நபிமொழி கூறுகிறது. இவ்வரலாற்றில் ஸம்ஸம் ஊற்றைப் பற்றியும், ஸஃபா மர்வா குன்றுகளுக்கிடையே அம்மையார் ஓடியதைப் பற்றியும் நான் பலமுறை எண்ணியதுண்டு. அந்தத் திருப்பத்தைப் பற்றி எண்ணியதில்லை. விட்டுச் செல்லப்பட்டவர் கண்டது முதுகை மட்டுமே. ஏந்திய கைகளை அவர்கள் காணவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்ற சிறுவனும் அப்படித்தான்.

இவ்வாறு சொல்வதால் பிரிவை நான் புகழ்வதாக எவரும் கொள்ளலாகாது. குழந்தை பிறந்த வீட்டில் தாய்க்குத் துணை வேண்டும். தந்தையும் அங்கே இருக்க வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தாய்மை விடுப்பை 2017இல் வந்த சட்டத் திருத்தம் 26 வாரங்களாக உயர்த்தியது. தனியார் துறையில் பணிபுரியும் தந்தையர் அனைவருக்குமான விடுப்புச் சட்டம் இன்னும் இல்லை. லாரி ஓட்டுநருக்கும் ரிக் தொழிலாளிக்கும் அயல்நாடு சென்றவருக்கும் விடுப்பு என்ற சொல்லே அயலானது. சமுதாயப் பெரியோர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தள்ளிப்போடக் கூடிய பயணத்தைத் தள்ளிப்போடும் துணிவு, என்னைப் போன்று வாய்ப்புள்ளவர்களுக்கேனும் வர வேண்டும்.

அத்தா 2019இல் இறையடி சேர்ந்தார். ரசமட்டம் என் மேசைமேல் இருக்கிறது. என் மகள் சிறுமியாக இருந்தபோது, புத்தகங்களின்மேல் அதனை வைத்து, குமிழ் நடுவில் நிற்கும் வரை ஒவ்வொன்றாக நகர்த்தி விளையாடுவாள். எவரும் தொடலாகாது என்றிருந்த அதனை அவள் கையில் கொடுத்தவர் அத்தாவே.

இனி, அம்மாணவருக்குரிய விடை. ஐங்குறுநூற்று முல்லையில், தாயும் தந்தையும் நடுவே புதல்வனுமாகக் கிடந்த காட்சியை, குட்டியை நடுவே கொண்ட மான் இணைக்கு ஒப்பிட்டுச் செவிலி மகிழ்கிறாள். அது தந்தை வீட்டில் இருக்கும் காட்சி. தந்தை இல்லாத நாள்களில் பிள்ளை என்ன நினைத்தது என்பதைச் சொல்லும் பாட்டை நான் கண்டதில்லை. அகப்பாடல் பிள்ளைக்குப் பேச்சுத் தரவில்லை. அப்பிள்ளை வளர்ந்து ஊடும்போதுதான் அது பேசுகிறது. ஆகவே அந்த விடையை நூலில் தேடிப் பயனில்லை. அடுத்த வகுப்பில் இதையே சொன்னேன். "உங்கள் அப்பா மழைக்கு வரும்போது, நீங்கள் பிறந்த நாளில் அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று கேட்டு வாருங்கள்" என்றேன். தேர்வுக்கு உரிய வினா இல்லை என்பதால் வகுப்பு மீண்டும் சிரித்தது.

மழை ஓய்ந்து சில வாரங்களுக்குப் பின் அவர் துறை அறைக்கு வந்தார். பிறந்த நாளைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்ததாம், கேட்கவில்லையாம். ஆனால் ஊர் திரும்பிய வண்டியைத் துடைக்க அப்பாவுக்கு உதவும்போது, ஓட்டுநர் பக்கத்துக் கதவின் உட்புறத்தில் சாக்கட்டியால் ஏதோ எழுதியிருப்பதைக் கண்டாராம். தேதிகளும் அவற்றின் எதிரே பாடங்களின் பெயர்களும் இருந்தன. அவருடைய பருவத் தேர்வு அட்டவணை அது.

"துடைச்சுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க ஐயா. அதை மட்டும் விட்டுட்டேன்" என்றார்.